யேனாவில் பிறந்து ஜவ்வாது மலைக்கு வந்த கண்ணாடி

இந்தியா கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்துத் தூதரக உறவு வைத்துக்கொண்டது 1972 அக்டோபர் 8-ஆம் தேதி. அதற்கு நான்கு மாதம் முன்பே, ஜூன் 7-ஆம் தேதி இரவு, அந்த நாட்டில் செய்த தொலைநோக்கி ஒன்று ஜவ்வாது மலையில் வேலையைத் தொடங்கிவிட்டது. வியாழனின் நிலாக்களில் ஒன்று அன்று ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடந்தது. அந்தச் சில நிமிடங்களை விட்டால் பிறகு எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. தொலைநோக்கியோ அந்த ஆண்டுதான் மலைக்கு வந்து நின்றிருந்தது.

அதன் கண்ணாடிக்கு 102 சென்டிமீட்டர் விட்டம். பழைய கணக்கில் 40 அங்குலம். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு 'ஒன் மீட்டர்'. செய்தது யேனா நகரத்தின் கார்ல் ஜைஸ் நிறுவனம். 1846-ல் நுண்கருவிப் பட்டறையாகத் தொடங்கிய அந்த நிறுவனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நாட்டோடு சேர்ந்து இரண்டாகப் பிரிந்தது. மேற்கில் ஒரு ஜைஸ், கிழக்கில் ஒரு ஜைஸ். நமக்கு வந்தது கிழக்கு ஜைஸின் சரக்கு. அதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. அதே 1972-ல் அதே யேனாவிலிருந்து வந்த 104 சென்டிமீட்டர் தொலைநோக்கி நைனிடாலில் நிற்கிறது, சம்பூர்ணானந்த் என்ற பெயரில். ஒன்று இமயமலை அடிவாரத்துக்கும் மற்றொன்று வாணியம்பாடிக்குத் தெற்கே உள்ள காட்டுக்கும் போனது.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவர் வானியலாளர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் படிக்கும்போதே, 1949-ல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என்று இன்றும் அதற்குப் பெயர். திரும்பி வந்து 1954 முதல் 1960 வரை நைனிடாலைக் கட்டி எழுப்பினார். பிறகு கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார்.

கொடைக்கானல் சூரியனைப் பார்ப்பதற்கென்று 1899-ல் அமைத்த இடம். பகல் வேலைக்கு அது போதும். இரவில் மேகமும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் நட்சத்திரக்காரனுக்குப் போர்த்திக்கொண்டு படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே பாப்பு வேறு மலை தேடினார். தேடல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் முடிந்தது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அப்படியொன்றும் பெரிய உயரம் இல்லை. ஆனால் அட்சரேகை வடக்கே 12½ பாகைதான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். ஐரோப்பாவில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் பெரிய மெகல்லன் மேகம் தெரியாது. காவலூரில் அது தெற்கு அடிவானத்துக்கு எட்டு பாகை மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். 1987-ல் அந்த மேகத்துக்குள் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது காவலூரிலிருந்து அதைத் தொடர முடிந்தது இதனால்தான்.

தருமபுரிக்காரர்களுக்கு இந்த மலை வேற்று ஊர் இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் போனால் வடகிழக்கே நீலமாகத் தெரிவது ஜவ்வாது. ஊத்தங்கரை 2004 வரை தருமபுரி மாவட்டம்; இப்போது கிருஷ்ணகிரி. காவலூர் அன்று வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019 முதல் திருப்பத்தூர். ஆனாலும் ஊருக்கு உறவினர் வந்தால் ஒகேனக்கலுக்கு அழைத்துப் போகிறோம், தீர்த்தமலைக்கு அழைத்துப் போகிறோம். காவலூருக்கு வண்டி கட்டிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு மாசி, பங்குனியில் மலையேறினால்கூட அந்த மலைச்சாலை தாங்காது என்பது வேறு விஷயம்.

யேனாக் கண்ணாடி வரும் முன்பே காவலூரில் ஒரு தொலைநோக்கி இருந்தது. 1968-ல் நிறுவிய 38 சென்டிமீட்டர் கருவி அது. நம் ஆட்களே செய்தது. இடம் தேறுமா என்று பார்க்க அது போதுமானதாக இருந்தது. தேறியது. 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக உருவானது. மறுவருடம் 'ஒன் மீட்டர்' கூண்டுக்குள் ஏறியது.

ஒரு மீட்டர் என்றால் என்ன லாபம்? இருட்டில் நன்றாக விரிந்த மனிதக் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரும். பரப்பளவில் கணக்குப் போட்டால் இந்தக் கண்ணாடி ஒரு கண்ணைவிட சுமார் 20,000 மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது. ஆனால் அள்ளுவது கண்ணாடி இல்லை, அதன்மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம். தலைமுடித் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்குதான் அது. தூசியும் ஈரமும் பட்டு வருடத்தில் மங்கிவிடும். அதனால் ஆண்டுக்கொரு முறை கண்ணாடியைக் குழலிலிருந்து இறக்குவார்கள். காஸ்டிக் சோடா கலந்த நீரில் பழைய படலம் கரைந்து போகும். பிறகு சுத்த நீரில் கழுவி, ஒரு துளிக் கறையும் இல்லாமல் உலர்த்தி, இரும்புத் தொட்டி போன்ற அறைக்குள் வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சிவிடுவார்கள். உள்ளே டங்ஸ்டன் இழைகளில் அலுமினியத் துண்டுகள் தொங்கும். மின்சாரம் பாய்ந்ததும் இழை பழுக்கும், அலுமினியம் ஆவியாகும், குளிர்ந்த கண்ணாடிமேல் போய் ஒட்டும். கதவைத் திறந்தால் பழைய கண்ணாடி புதிதாகி நிற்கும். யேனாவில் ஒருமுறை பிறந்தது காவலூரில் வருடா வருடம் பிறக்கிறது. புகழெல்லாம் மேலே வானத்தைப் பார்க்கிறவர்களுக்குப் போகிறது. இந்தத் தொட்டிப் பக்கம் நிற்கிறவர்கள் இல்லையென்றால் 1972-ன் கண்ணாடி 1975-லேயே குருடாகியிருக்கும்.

இனி அந்த ஜூன் இரவுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள காவலூர் போக வேண்டாம், மொட்டை மாடி போதும். வளர்பிறை நாளில் நிலாவின் இருண்ட விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் பைனாகுலரை வைத்துக்கொண்டு காத்திருங்கள். நிலா மணிக்கு ஏறக்குறைய தன் அகலத்தின் அளவுக்குக் கிழக்கே நகரும். நட்சத்திரத்தை நெருங்கும், நெருங்கும், சட்டென்று நட்சத்திரம் இல்லாமல் போகும். சுவிட்சை அணைத்த மாதிரி. மங்குவது, தேய்வது எதுவும் கிடையாது. காரணம், நிலாவில் காற்று இல்லை. காற்று இருந்தால் வெளிச்சம் அதற்குள் புகுந்து வளைந்து, படிப்படியாகத்தான் மறையும். நட்சத்திரம் புள்ளி, கோள் அப்படியில்லை. வெள்ளியோ சனியோ நிலாவுக்குப் பின்னால் போனால், தட்டுக்கு அகலம் இருப்பதால் சில பல விநாடிகள் எடுத்துக்கொண்டு மறையும்.

2023 மார்ச் 24 மாலையை நிறையப் பேர் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே ரமலான் நோன்பின் முதல் நாள். மெல்லிய பிறை, அதற்கு நேர் கீழே நெற்றியிலிருந்து நழுவிய பொட்டுபோல் வெள்ளி. வாட்ஸ்அப் முழுக்க அந்தப் படம்தான். அன்று ஆசியாவின் பல பகுதிகளில் நிலா வெள்ளியை மறைத்தே விட்டது. பார்க்க ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தாலும் நிலாவைவிட வெள்ளி நூற்றுக்கணக்கான மடங்கு தூரத்தில் இருந்தது. இரண்டும் ஒரே பாதையில் வரும் இரண்டு பயணிகள், ஒரு நிமிடம் நம் கண்ணுக்கு நேர்கோட்டில் வந்தார்கள், அவ்வளவுதான்.

1972-ல் காவலூர் செய்தது இதே வேலை. நிலாவின் இடத்தில் வியாழனின் கனிமீடு. 5,268 கிலோமீட்டர் விட்டம், புதன் கோளைவிடப் பெரிது. கண் இருந்த இடத்தில் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கருவி. கனிமீடு நட்சத்திரத்தை மறைக்கும்போது வெளிச்சம் சட்டென்று அறுந்தால் அங்கே காற்று இல்லை; சரிந்து இறங்கினால் இருக்கிறது. வானியலாளர் ஜே.சி. பட்டாச்சார்யா காவலூரில் பார்த்தார், இந்தோனேசியாவின் லெம்பாங்கில் இன்னொரு குழு பார்த்தது. கோடு சரிந்துதான் இறங்கியது. கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று 1973-ல் 'சயின்ஸ்' இதழில் கூட்டாக எழுதினார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் சுகமாக இருக்கும். 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் வியாழன் பக்கம் போனபோது, இவர்கள் சொன்ன அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. பிறகு 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது, ஆனால் மிக மிக மெல்லிய அளவில். காவலூரின் பெருமைப் பட்டியலில் 'கனிமீடின் வளிமண்டலம்' என்று ஒரு வரி வரும்போது இந்த இடைக்கதை காணாமல் போய்விடுகிறது. போகக்கூடாது. புதிதாக வந்திறங்கிய கருவியை வைத்துச் சில நிமிடங்களில் எடுத்த அளவு அது. விண்கலம் போய்த்தான் அதைத் திருத்த வேண்டியிருந்தது என்பதே அதற்கு மரியாதை.

ஐந்து வருடம் கழித்து இன்னும் பெரியது மாட்டியது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடக்கப்போகிறது, 1977 மார்ச் 10. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி. யுரேனஸை 1781 மார்ச் 13-ல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல்; இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இசை சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், தானே தேய்த்த கண்ணாடியை வீட்டுத் தோட்டத்தில் வைத்து வானம் பார்த்தவர். அவருக்குப் பிறகு ஏறத்தாழ இருநூறு வருடம் அந்தக் கோளுக்கு வளையம் உண்டென்று யாருக்கும் தெரியாது. அந்த இரவில் அமெரிக்கர்கள் பெரிய விமானம் ஒன்றில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிமேல் பறந்தார்கள். ஜேம்ஸ் எலியட் தலைமையில் குய்ப்பர் வான்பறப்பு ஆய்வகம். காவலூரில் பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 'ஒன் மீட்டரை'த் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள்.

கோள் நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே வெளிச்சம் ஒருமுறை சில விநாடிகள் விழுந்து எழுந்தது. விமானத்தில் இருந்தவர்களும் இப்படிப் பல சரிவுகளைப் பார்த்தார்கள். கோளுக்கு இருபுறமும் அவை ஜோடி ஜோடியாக வந்ததால் வளையங்கள் என்று புரிந்துகொண்டார்கள். காவலூருக்கு முதலில் தெளிவாகத் தெரிந்தது ஒரு பெரிய சரிவு. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்து, சனிக்கு இருப்பதுபோல் யுரேனஸுக்கும் வளைய அமைப்பு என்று அதே இதழில் எழுதினார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அருகே போய்ப் படமெடுத்தது. முதல் ஊகத்தைச் சில மாதத்தில் தாங்களே மாற்றிக்கொண்டது என் கணக்கில் அந்தக் கண்டுபிடிப்பைவிடக் குறைந்த விஷயமில்லை. வேடிக்கை என்னவென்றால், பல வருடம் கழித்து வரும் சில செய்திக்குறிப்புகளிலும் 'யுரேனஸின் புதிய துணைக்கோள்' சாதனைப் பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. திருத்தியவர்கள் திருத்திவிட்டார்கள், பட்டியல் போடுகிறவர்கள் படிக்கவில்லை.

பாப்பு 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் இறந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயர். அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியை இந்தியாவிலேயே தேய்த்தார்கள். 1988-ல் ஆர். ராஜமோகன் காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்க, அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1.3 மீட்டரில் இன்னொரு தொலைநோக்கி வந்தது. அதற்குப் பட்டாச்சார்யாவின் பெயர். யேனாக்காரனைவிடப் பெரியவர்கள் பக்கத்திலேயே குடிவந்துவிட்டார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் கருவி வந்த பிறகு இன்னும் நுட்பமான வேலைகள் அங்கே போயின. இருந்தும் 'ஒன் மீட்டரை' ஓரங்கட்டவில்லை. 2016-ல் ஒரு கருவி, 2021-ல் அகச்சிவப்பு ஒளிமானி என்று புதிது புதிதாகப் பின்னால் மாட்டினார்கள். 2022 டிசம்பரில் அதற்கு ஐம்பதாண்டு விழா எடுத்தார்கள்.

அந்த மலையில் நிலாவுக்கு மட்டும் வரவேற்பு இல்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வானமே வெளுத்துவிடும், மங்கலான பொருள் எதுவும் தெரியாது. பிரகாசமான நட்சத்திரங்களின் நிறமாலை எடுக்கிறவர்களுக்கு அந்த இரவுகளைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அமாவாசைக்குக் காத்திருப்பார்கள். கீழே நமக்கு நேர்மாறு. கருவி இல்லாதவனுக்கு நிலாதான் வழிகாட்டி. நிலாவும் கோள்களும் ஏறக்குறைய ஒரே சாலையில் போகின்றன. நிலாவின் பாதை ஐந்து பாகைதான் சாய்ந்திருக்கிறது. 27 நாளுக்குக் கொஞ்சம் மேல் ஒரு சுற்று. ஆகவே ஒவ்வொரு கோளையும் மாதம் ஒருமுறை அது கடந்தாக வேண்டும்.

இதற்குச் செயலிகள் ஆயிரம் வந்துவிட்டன. ஆனால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும் என்பது என் கட்சி. அதில் 'இன்றைய நட்சத்திரம்' என்று போட்டிருப்பது அன்று நிலா நிற்கும் இடம். ரோகிணி என்று போட்ட இரவில் நிலாவுக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் தெரிவது ரோகிணியேதான். மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றையும் இப்படியே பிடிக்கலாம். குரு ஒரு ராசியில் சுமார் ஒரு வருடம், சனி இரண்டரை வருடம். குருப்பெயர்ச்சிப் பலன் படிக்கும்போது ராசியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால், மாதா மாதம் நிலா அந்த ராசிக்குள் நுழையும் இரவில் பக்கத்தில் மினுக்காமல் நிற்கும் பெரிய வெளிச்சம் வியாழன். பரிகாரத்துக்கு ஆலங்குடிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அன்று இரவு குருவை நிமிர்ந்து பார்க்கிறார்களோ தெரியவில்லை. சூரியனுக்கு அருகே கோள் போயிருக்கும் வாரங்களில் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

ஒரு எச்சரிக்கை: திருக்கணிதத்தைப் பாருங்கள். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2025-ல் அங்கே பெயர்ச்சி இல்லை. கோயில் வழக்கம் கோயிலுக்கு; வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதற்காக வாதாடியிருக்கிறார். அந்தச் சென்னை வானாய்வகத்தின் வாரிசு கொடைக்கானல், கொடைக்கானலின் வாரிசு காவலூர்.

கனிமீடையும் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி வியாழனைப் பாருங்கள். ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். அவற்றில் பெரும்பாலும் பளிச்சென்று இருப்பது கனிமீடு. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும், 1972-ல் காவலூர் பார்த்ததும் அதையேதான். சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. தருமபுரி நகரத்துக்குள் எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு வியாழனும் வெள்ளியும் தப்பிக்கும், பால்வீதி தப்பிக்காது.

காவலூரின் கவலையும் இதுதான். சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் மலையடிவரை வந்துவிட்டது. தெருவிளக்குக்கு மேல்பக்கம் ஒரு தகடு போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் ஊராட்சிக்கு நஷ்டம் எதுவுமில்லை. தரைதான் கூடுதல் வெளிச்சம் பெறும்.

தருமபுரியிலிருந்து போகிறவர்கள் திருப்பத்தூர் போய், ஆலங்காயம் வழியாக மலையேற வேண்டும். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டு தை முதல் பங்குனிக்குள் போங்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் வர நேர்ந்தால் ஹெட்லைட்டைத் தணித்து ஓட்டுங்கள். மேலே வேலை நடந்துகொண்டிருக்கும்.